பழைய கடிதக்கட்டிலிருந்து பறவைப் பதிவு வரை: வேல்ஸ் இயற்கையாளர்களின் ஆவணங்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதி மலைகளில் சிவப்புப் பருந்துகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியிருந்தன. அவற்றைக் காப்பாற்ற 1903-இல் சிலர் சேர்ந்து ஒரு பருந்துக் குழுவை அமைத்தார்கள். 1905 முதல் ஆர்.எஸ்.பி.பி. எனப்படும் ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் துணைக்கு வந்தது. இன்று அதே மலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைகள் கூடு கட்டுகின்றன. நடுவில் இருந்த அந்த நீண்ட காலத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி காகிதங்கள்தான். கடிதங்கள், நாட்குறிப்புகள், கூடுகளின் பட்டியல், காவலுக்கு வைத்த ஆட்களின் கூலிக்கணக்கு என்று அவை பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஜே. எச். சால்ட்டரின் நாட்குறிப்புகள் அதே ஊரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட தொகுப்பை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி.

ஒன்றைத் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பறவைகளைக் காக்க எழுதியவர்கள் தெரிந்ததைச் சொல்லவும் எழுதினார்கள், தெரிந்ததை மறைக்கவும் எழுதினார்கள். கூடு எந்தத் தோப்பில் என்பது முட்டை சேகரிப்பவர் காதில் விழுந்தால் அந்த வருடக் குஞ்சு இல்லை. அதனால் ஊர்ப்பெயர் ஓர் எழுத்தாகிவிடும், பறவையின் பெயர் ஓர் எழுத்தாகிவிடும், ‘வழக்கமான இடம்’ என்று மட்டும் ஒரு வரி இருக்கும். அந்த இடைவெளியை நம் ஊகத்தால் நிரப்பி, அதையே அவர் எழுதியதாகப் பதிந்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் தாளில் இருப்பதையும் நாம் முடிவு செய்வதையும் கலந்துவிடாமல் வைத்திருப்பதற்கான வழிகளே.

போவதற்கு முன்

முதலில் பட்டியலைத் தேடுங்கள். வேல்ஸ் தேசிய நூலகத்தின் பட்டியல் இணையத்தில் உண்டு. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ‘டிஸ்கவரி’ தேடலில் பல காப்பகங்களை ஒரே நேரத்தில் துழாவலாம். இயற்கையாளரின் பெயரை மட்டும் போட்டால் போதாது. ஒருவருடைய பெட்டியில் பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள்தான் இருக்கும். அவர் எழுதியவை எதிராளியின் பெட்டியில் இருக்கும். கார்பன் நகல் வைக்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆகவே யார் யாருடன் கடிதத் தொடர்பு இருந்தது என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள். இதற்கு அரை நாள் ஆகும். செய்யாமல் போனால் உரையாடலில் ஒரு குரலை மட்டும் கேட்டுவிட்டு முழுக்கதையும் தெரிந்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

சட்டங்களின் வருடங்களை ஒரு சிறு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். 1869-இல் கடற்பறவைகளுக்கு முதல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1880 காட்டுப்பறவைச் சட்டம் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை பொதுவான தடைக்காலம் வைத்தது. முட்டைகளைக் காக்க 1894 சட்டம்தான் வழி திறந்தது. அதுவும் நேரடித் தடை இல்லை. அந்தந்தக் கவுண்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கேட்டுப் பெறும் ஆணை இருந்தால்தான் செல்லும். கம்பத்தின் உச்சியில் வைக்கும் பொறி 1904-இல் தடை செய்யப்பட்டது. 1954-இன் பறவைப் பாதுகாப்புச் சட்டம் முந்தையவற்றின் இடத்தைப் பிடித்தது. இப்போது நடப்பில் உள்ள அடிப்படைச் சட்டம் 1981-ஐச் சேர்ந்தது. இது தெரியாமல் 1890-இல் ஒருவர் பருந்து முட்டை எடுத்ததைப் படித்ததும் ‘குற்றம்’ என்று குறித்துவிடக்கூடாது. 1910-இல் எடுத்திருந்தால் அந்தக் கவுண்ட்டிக்கு, அந்தப் பறவைக்கு ஆணை இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

வாசிப்பறையில்

பேனா கூடாது, மென்மையான பென்சில் மட்டும். பையும் கோட்டும் வெளியே வைக்கப்படும். காகிதத்தைத் தொடக் கையுறை வேண்டாம். கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கையே நல்லது, ஏனென்றால் துணிக் கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழியும். புகைப்படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் கையுறை கேட்டு வாங்குங்கள். நெகட்டிவ் உறையைத் திறந்ததும் காட்டமான நெடி அடித்தாலோ, படலம் பிசுபிசுத்தாலோ தொடாமல் ஊழியரைக் கூப்பிடுங்கள். பழைய நைட்ரேட் படலம் எளிதில் தீப்பிடிக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே கோப்பு. தாள்கள் வந்த வரிசை குழப்பமாகத் தெரிந்தாலும் மாற்றாதீர்கள். எந்தக் கடிதம் எந்த வரைபடத்தோடு கிடந்தது என்பதே சில சமயம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தடயம். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்க வேண்டாம். அது காப்பகத்தார் வேலை.

படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள். முதல் படம் கோப்பின் மேலட்டை. பிறகு ஒவ்வொரு தாளுக்கும் முன்பக்கம், பின்பக்கம். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து ‘விட்டுவிட்டேனா, வெறுமையா’ என்று தெரியாது. உறை இருந்தால் அதற்கும் இரண்டு பக்கம். ஒரு சிறு அளவுகோலும் படத்துக்குள் தெரியும்படி வையுங்கள். அன்று இரவே கோப்புகளுக்குப் பெயர் மாற்றுங்கள்: பெட்டி, கோப்பு, தாள் எண், முன் அல்லது பின். கேமரா கொடுத்த எண்ணோடு விட்டுவைத்த ஐந்நூறு படங்கள் யாருக்கும் பயன்பட்டதில்லை.

படியெடுத்தல்

ஆங்கிலத்திலோ வெல்ஷிலோ உள்ளதை அதே மொழியில், வரிக்கு வரி, எழுத்துப் பிழையோடு எழுதிக்கொள்ளுங்கள். தமிழாக்கம் தனி ஆவணம். படியெடுக்கும்போதே மொழிபெயர்த்தால் மூலத்தில் இருந்த தெளிவின்மை தமிழில் தெளிவாகிவிடும். அந்தத் தெளிவு நீங்கள் கொடுத்தது. படிக்க முடியாத சொல்லுக்குச் சதுர அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி. அடித்த சொல்லும் முக்கியம். ‘இரண்டு குஞ்சு’ என்று எழுதி அடித்துவிட்டு ‘ஒன்று’ என்று எழுதியிருந்தால் இரண்டையும் காட்டுங்கள்.

கையெழுத்து புரியவில்லை என்றால் அதே ஆள் எழுதிய முகவரியையும் தேதியையும் பாருங்கள். என்ன சொல் என்று நமக்கு முன்பே தெரிந்த இடங்கள் அவை. அங்கிருந்து அவருடைய எழுத்து வடிவங்களைப் பொறுக்கி ஒரு சிறு அட்டவணை செய்துகொண்டால் பாதி சிக்கல் தீரும்.

குறியீடுகளில்தான் அதிகம் சறுக்கும். ‘சி’ போட்டுச் சாய்கோடு போட்டு 2 என்றிருந்தால் அது ஓர் ஈட்டில், அதாவது ஒரு தடவை இட்டதில், இரண்டு முட்டை. முட்டை சேகரிப்பாளர்களின் குறியீடு. வெறும் ‘2/6’ என்றிருந்தால் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். காவலாளிக்குக் கொடுத்த பணமாக இருக்கலாம். அதையே ஜூன் 2 என்று படித்துப் பதிவில் ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. 10-க்குப் பின் சாய்கோடும் சிறு கோடும் இருந்தால் சரியாகப் பத்து ஷில்லிங். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரி வரை இதே கணக்கு. குஞ்சுகள் பறந்துபோகும்வரை கூட்டைத் தொடாமல் விட்ட விவசாயிக்குப் பரிசுப்பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. எனவே பணக்கணக்குத் தாளைப் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். எத்தனை பேருக்குப் பரிசு போனது என்பது எத்தனை கூடு தேறியது என்பதற்கு இன்னொரு சாட்சி. இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

தேதி

‘12 அல்ட்.’ என்று ஒரு சுருக்கம் வரும். லத்தீன் சொல்லின் தலை அது. போன மாதம் 12-ஆம் தேதி என்று பொருள். ‘இன்ஸ்ட்.’ என்றால் இந்த மாதம், ‘ப்ராக்ஸ்.’ என்றால் வரும் மாதம். மே 3-இல் எழுதிய கடிதத்தில் ‘12 அல்ட்.’ என்றால் ஏப்ரல் 12. இதைத் தவறவிட்டால் பதிவு ஒரு மாதம் தள்ளிப்போய்விடும். அடைகாக்கும் காலத்தில் ஒரு மாதம் என்பது முட்டைக்கும் குஞ்சுக்கும் உள்ள தூரம்.

5.6.31 என்றால் பிரிட்டிஷ் வழக்கில் ஜூன் 5. இயற்கையாளர்களில் பலர் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவார்கள். அது குழப்பத்தைத் தவிர்க்கத்தான், ஆனால் அவசரக் கையெழுத்தில் ஆறும் ஏழும் ஒன்றாகத் தெரியும். வெல்ஷ் நாட்குறிப்பில் வேறு கண்ணிகள். ‘மெஹ.’ என்று சுருக்கினால் ஜூன், ‘மெத.’ என்றால் செப்டம்பர். ‘மவ்ர்த்’ என்ற சொல் மார்ச் மாதத்துக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் பொது.

வருடமே இல்லாத கடிதங்கள் நிறைய வரும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று எடுத்துக்காட்டுக்காகப் புனைந்த ஒரு கடிதத்தில் பார்ப்போம். தலைப்பில் ‘செவ்வாய், மே 5’ என்று மட்டும் இருக்கிறது. 1910-இலிருந்து 1945 வரை மே 5 செவ்வாயாக வந்த வருடங்கள் 1914, 1925, 1931, 1936, 1942. உறையில் ஒன்றரைப் பென்னி தபால்தலை. சாதாரண உள்நாட்டுக் கடிதத்துக்கு 1918 ஜூன் வரை ஒரு பென்னி, அப்புறம் ஒன்றரை, 1920-இல் இரண்டு, 1922-இல் மறுபடி ஒன்றரை, 1940 மே முதல் இரண்டரை. ஆக 1914-உம் 1942-உம் கழிந்தன. மீதி மூன்று. கடிதத்தின் கடைசிப் பத்தியில் ‘புதிய அரசர்’ என்று ஒரு பேச்சு வருகிறது. ஐந்தாம் ஜார்ஜ் இறந்தது 1936 ஜனவரி 20. ஆக 1936.

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த உறை இந்தக் கடிதத்துக்கு உரியதுதானா? கடிதத்தின் மடிப்பு உறையின் அளவுக்குப் பொருந்துகிறதா, உறையின் கையெழுத்தும் மையும் ஒன்றா, முத்திரையில் உள்ள நாள் கடிதத் தேதிக்கு ஓரிரு நாளுக்குள் வருகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் ‘1936, உள்சான்றாலும் தபால்தலையாலும்’ என்று எழுதுங்கள். பொருந்தாவிட்டால் தபால்தலைச் சான்றை விட்டுவிட்டு, ‘1936 எனத் தோன்றுகிறது’ என்று எழுதுங்கள். வெறுமனே 1936 என்று எழுதினால் அடுத்து வருபவர் அதைக் கடிதத்திலேயே இருந்த வருடம் என்று நம்பிவிடுவார்.

காலம் சொல்லும் வேறு அடையாளங்களும் உண்டு. ஆர்.எஸ்.பி.பி.யின் கடிதத்தாளில் பெட்ஃபர்ட்ஷயரின் சாண்டி ஊர் முகவரி இருந்தால் 1961-க்கு முன் போகாது. முயல்கள் நோயில் கூட்டமாகச் செத்தன என்றால் மிக்ஸமட்டோசிஸ் பரவிய 1950-களின் நடுப்பகுதி. ஆளைக் கொல்லும் நீண்ட பனிக்காலம் என்றால் 1947 அல்லது 1962–63-ஐ முதலில் சோதியுங்கள். பறவைகளுக்கு மாட்டும் அடையாளக் கால் வளையம் பற்றிய பேச்சு இருந்தால், பிரிட்டனில் அந்தத் திட்டங்கள் தொடங்கியது 1909.

இடம்

நேரம் அதிகம் பிடிப்பது இதற்குத்தான், பிடிக்கட்டும்.

கவுண்ட்டிப் பெயரை அப்படியே நம்ப முடியாது. வேல்ஸின் பழைய பதின்மூன்று கவுண்ட்டிகள் 1974-இல் எட்டாக மாறின. 1996-இல் அவை இருபத்திரண்டு நிர்வாகப் பகுதிகளாயின. கார்டிகன்ஷயர் என்று 1930-இல் எழுதப்பட்ட இடம் 1980-இல் டிஃவெட், இன்று கெரெடிகியான். இந்த அலைக்கழிப்பைத் தவிர்க்கவே உயிரியல் பதிவாளர்கள் வைஸ்-கவுண்ட்டி என்ற பகுப்பை வைத்திருக்கிறார்கள். தாவரவியலாளர் ஹெவெட் காட்ரெல் வாட்சன் 1852-இல் வகுத்த எல்லைகள் அவை. நிர்வாகம் மாறினாலும் மாறுவதில்லை. கார்டிகன்ஷயர் 46, பிரெக்னாக்ஷயர் 42, ராட்னர்ஷயர் 43, கார்மார்த்தன்ஷயர் 44, பெம்ப்ரோக்ஷயர் 45. ஒவ்வொரு பதிவிலும் இந்த எண் இருக்கட்டும்.

ஊர்ப்பெயர்கள் ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டிருக்கும். டவ்வி (Dovey) என்றால் டஃவி (Dyfi) ஆறு, டவி (Towy) என்றால் டைவி (Tywi) ஆறு. கிட்டத்தட்ட ஒரே ஒலியில் இரண்டு வேறு பள்ளத்தாக்குகள். டிரகாரன் பாக் என்று பழைய கடிதத்தில் வருவது இன்றைய கோர்ஸ் காரன் சதுப்புநிலம். வெல்ஷ் சொல்லின் முதல் எழுத்து முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து மாறும். மெலின் என்றால் ஆலை. ‘அந்த ஆலை’ என்னும்போது வெலின் ஆகிவிடும். அகரவரிசையில் ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் முதல் எழுத்து இப்படித் திரிந்ததா என்று பாருங்கள். கூம் என்றால் பள்ளத்தாக்கு, நான்ட் என்றால் ஓடை, கிரைக் என்றால் பாறை, கோய்ட் என்றால் தோப்பு, பிரின் என்றால் குன்று. இந்த ஐந்து தெரிந்தாலே வரைபடத்தில் எங்கே கண்ணை ஓட்டுவது என்று புரியும். ஆனால் ஒரே பெயரில் பத்துப் பண்ணைகள் இருக்கும். முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கடிதம் எழுதியவர் அன்று எங்கிருந்து கிளம்பினார், நடந்தாரா, சைக்கிளா, எந்த ரயில் நிலையத்தில் இறங்கினார் என்று நாட்குறிப்பில் பார்த்து, ஒரே நாளில் எட்டக்கூடிய இடமா என்று கணக்குப் போடுங்கள்.

கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் வேல்ஸுக்கான ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை அமைப்பின் பழைய ஆறு அங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடங்களை இன்றைய படத்தின் மேல் படியவைத்துப் பார்க்கலாம். இப்போது வெட்டப்பட்டுவிட்ட தோப்புகளும் இடிந்த பண்ணைகளும் அதில் இருக்கும். வயல் பெயர் வந்தால் வேல்ஸ் தேசிய நூலகத்தின் தசமபாக வரி வரைபடங்களைப் பாருங்கள். 1840-ஐ ஒட்டிய காலத்து வயல் பெயர்கள் அவற்றில் உண்டு. பெயரின் பழைய எழுத்துமுறைகளுக்கு வேல்ஸ் வரலாற்று இடப்பெயர்ப் பட்டியல் இருக்கிறது.

இடம் தெரிந்ததும் கட்ட எண், அதாவது பிரிட்டிஷ் வரைபடத்தின் சதுரக் கட்டங்களில் அந்த இடத்தைக் காட்டும் எண். கிழக்கு நோக்கிய எண் முதலில், வடக்கு நோக்கியது பின்னால். கட்டத்தின் தென்மேற்கு மூலையைத்தான் எண் குறிக்கும், எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும். முன்னால் வரும் எழுத்துகள் நூறு கிலோமீட்டர் சதுரத்தைக் குறிக்கும். எஸ்.என். 66 என்றால் பத்து கிலோமீட்டர் சதுரம், எஸ்.என். 6963 என்றால் ஒரு கிலோமீட்டர் சதுரம், கோர்ஸ் காரனில் விழும். ஆறு இலக்கம் என்றால் நூறு மீட்டர். கடிதம் ‘சதுப்புநிலத்தின் மேல் பறந்தது’ என்று மட்டும் சொன்னால் ஆறு இலக்கம் கொடுக்காதீர்கள். சதுப்புநிலத்தின் நடுவில் விரலை வைத்து எடுத்த எண், பறவை நின்ற மரத்தைக் காட்டுவது போன்ற பொய்த்தோற்றம் தரும். தெரிந்த அளவுக்கே இலக்கம்.

எழுதியவர் வேண்டுமென்றே மறைத்த இடம் என்றால்? அதே வருட நாட்குறிப்பு, கூலிக்கணக்கில் வரும் பண்ணைப் பெயர், கடிதத்தோடு மடித்து வைத்த பென்சில் படம் ஆகிய மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் ‘அநேகமாக’ என்று ஒரு கிலோமீட்டர் சதுரம் கொடுக்கலாம். ஒன்றுதான் என்றால் பத்து கிலோமீட்டர். ஒன்றுமில்லை என்றால் வைஸ்-கவுண்ட்டி எண்ணோடு நிறுத்துங்கள். அதுவும் பதிவுதான்.

பெயர்

தமிழில் குறிப்பு எடுப்பவர்களுக்கு முதல் எச்சரிக்கை: வேல்ஸின் பருந்தைச் செம்பருந்து என்று எழுத வேண்டாம். நம் ஊரில் செம்பருந்து என்றால் வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் உள்ள, நீர்நிலைகளை ஒட்டித் திரியும் வேறு பறவை. வேல்ஸில் இருப்பது ஆழமாகப் பிளந்த வாலுடையது. சிவப்புப் பருந்து என்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது. வெல்ஷில் அதற்குப் பார்கிட் என்று பெயர். பழைய மக்கள் வழக்கில் பொடா வென்னோல் என்றும் உண்டு, அதாவது தகைவிலான் வால் கொண்ட பஸ்ஸார்ட் (பஸ்ஸார்ட் வேறொரு வேட்டைப் பறவை). பண்ணையாள் சொன்ன ‘பார்கிட்’ பஸ்ஸார்டையே குறித்திருக்கவும் கூடும். வாலைப் பற்றிய சொல் இல்லாத செவிவழிச் செய்தியை உறுதியான பருந்துப் பதிவாக ஏற்றாதீர்கள்.

லத்தீன் பெயர் இருந்தால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். அவையும் மாறியிருக்கின்றன. வேல்ஸ் கடற்பாறைகளில் வாழும் சிவந்த காலும் சிவந்த அலகும் கொண்ட காக்கையை வெல்ஷில் பிரான் கோய்ஸ்கோக், அதாவது செங்கால் காக்கை, என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் அதற்குப் பிர்ரோகோரக்ஸ் கிராகுலஸ் என்ற பெயர் வரும். இன்று அந்தப் பெயர் ஆல்ப்ஸ் மலையின் மஞ்சள் அலகுக் காக்கைக்கு உரியது. பழைய பெயரை இன்றைய பட்டியலில் தேடி ஒட்டினால் பெம்ப்ரோக்ஷயரில் ஆல்ப்ஸ் பறவை வந்துவிடும். பஃபினஸ் என்ற லத்தீன் பெயர் பஃபின் என்ற கடற்பறவைக்கு உரியது இல்லை. பெம்ப்ரோக்ஷயர் கரையை ஒட்டிய ஸ்கோகோம் தீவில் வளைக்குள் முட்டையிடும் மாங்க்ஸ் ஷியர்வாட்டர் அது. மார்ஷ் டிட் என்ற சிறு பறவை இன்னொரு வகைச் சிக்கல். அதைப் போலவே இருக்கும் வில்லோ டிட் பிரிட்டனில் தனி இனமாக அடையாளம் காணப்பட்டது 1897-இல்தான். அதற்கு முந்தைய மார்ஷ் டிட் பதிவு எதுவானாலும் ‘இரண்டில் ஒன்று’ என்றே போக வேண்டும்.

பெயரை நம்பலாமா என்று பறவையின் வாழ்க்கையே சொல்லும். சிவப்புப் பருந்து ஏப்ரல் மாதத்தில் முட்டையிடும், பெரும்பாலும் இரண்டு. ஒரு மாதத்துக்குச் சற்று மேல் அடைகாக்கும். குஞ்சு பறக்க ஏழெட்டு வாரம் ஆகும். ‘ஏப்ரல் 20, கூட்டில் பெரிய குஞ்சுகள்’ என்று வந்தால் அது பருந்தாக இருக்க முடியாது. பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் முட்டையிடும் ரேவன் காக்கைக்கு அது பொருந்தும். தேதியைத் தவறாகப் படித்தோமா, பெயரைத் தவறாகப் படித்தோமா, எழுதியவரே தவறினாரா என்று மூன்றையும் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். முடிவு எதுவானாலும் தாளில் உள்ளதைத் திருத்தாதீர்கள்.

முட்டை சேகரிப்பாளர்கள் எடுத்த முட்டைகளின் விவரம் எழுதி வைத்த அட்டைகளிடம் இன்னும் கொஞ்சம் சந்தேகம் தேவை. அவற்றில் நாளும் ஈட்டின் எண்ணிக்கையும் கச்சிதமாக இருக்கும். ஆனால் போட்டிக்காரரைத் திசைதிருப்ப இடத்தை மாற்றி எழுதுவது உண்டு. 1954-க்குப் பிறகு எடுத்தவற்றுக்குப் பழைய வருடம் போடுவதற்கும் காரணம் இருந்தது. வேறு ஒரு மூலம் ஆதரிக்காதவரை அட்டையின் இடத்தை நம்ப வேண்டாம்.

பதிவாக மாற்றுதல்

எக்செல் தாளில் இரண்டு பகுதி வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மூலம்: காப்பகக் குறி எண், தாள் எண், கடிதத்தின் சொற்கள் எழுத்து மாறாமல். வலப்பக்கம் நம் முடிவு: இனம், எண்ணிக்கை, நிலை, தேதி, தேதியின் உறுதி, இடம், கட்ட எண், வைஸ்-கவுண்ட்டி, பார்த்தவர், முடிவெடுத்தவர், காரணம். பார்த்தவரும் எழுதியவரும் ஒருவரே என்று எண்ணிவிடாதீர்கள். காவலாளி பார்த்ததை இயற்கையாளர் எழுதியிருந்தால் பார்த்தவர் காவலாளிதான்.

மே 3, 1931 தேதியிட்ட ஒரு கடிதத்தில் ‘கே. அடையில். டி.க்கு மேலே வழக்கமான தோப்பு. 12 அல்ட்.’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் அந்தச் சொற்கள் புள்ளி மாறாமல். வலப்பக்கம் இனம்: சிவப்புப் பருந்து, அநேகமாக; காரணம், பருந்துக்கான ஆங்கிலச் சொல் ‘கைட்’, அதை இவர் வேறு கடிதங்களிலும் ‘கே’ என்றே குறிக்கிறார், ஏப்ரல் நடுவில் அடைகாப்பதும் பொருந்துகிறது. எண்ணிக்கை: ஒன்று, இணையைப் பார்த்ததாகச் சொல்லவில்லை, அதனால் இரண்டு என்று போடக்கூடாது. தேதி: 12 ஏப்ரல் 1931, உறுதி. இடம்: ‘டி’ எந்த ஊர் என்று தெரியவில்லை, கட்ட எண் வெறுமை, வைஸ்-கவுண்ட்டி 46, அதுவும் அவர் அந்த மாதம் முழுக்க அங்கேயே இருந்ததாக நாட்குறிப்பு காட்டினால் மட்டும். ஒரே கூட்டைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தால் மூன்று வரிசைகள் போட்டு ஒரு பொது எண்ணால் இணையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கூடு மூன்று கூடாகி, விரல்விட்டு எண்ணிய பறவைகள் கணக்கில் மட்டும் பெருகிவிடும்.

‘இந்த வருடம் பறவை இல்லை’ என்ற வரிக்கும் ஒரு வரிசை கொடுங்கள். போய்ப் பார்த்து இல்லாமல் இருந்ததற்கும் போகவே இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. எது என்று குறியுங்கள்.

பிறருக்குக் கொடுப்பதற்கு முன்

கடிதத்தின் பதிப்புரிமை அதை எழுதியவருடையது, பிறகு அவர் வாரிசுகளுடையது. பெற்றவருக்கும் காப்பகத்துக்கும் காகிதம்தான் சொந்தம். பிரிட்டனில் பொதுவாக எழுதியவர் இறந்து 70 ஆண்டு. ஆனால் 1969-க்கு முன் இறந்தவர் எழுதி, 1989 ஆகஸ்டு வரை வெளியிடப்படாமல் இருந்தவை 2039 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. பறவை, நாள், இடம் என்ற தகவலை எடுத்துப் பதிவு செய்யத் தடை இல்லை. முழுக்கடிதத்தையும் படத்தையும் இணையத்தில் போடுவதற்கு அனுமதி வேண்டும். உயிரோடு இருக்கக்கூடியவர்களின் பெயரும், நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டும் வரும் பகுதிகளைக் காப்பகத்தாரிடம் காட்டிக் கேளுங்கள். 1919-க்கு முந்தைய வழக்கு என்றால் வேல்ஸ் தேசிய நூலகத்தின் இலவசச் செய்தித்தாள் தளத்தில் தேடினால் தண்டனை கிடைத்ததா என்று தெரியவரும்.

கூடுகளின் இடம் தனி விஷயம். தொண்ணூறு வருடம் பழைய தோப்பு என்று அலட்சியம் வேண்டாம். நல்ல கூட்டிடங்களை அடுத்தடுத்த தலைமுறைப் பறவைகள் விடாமல் பயன்படுத்தும். கடற்பாறையில் வல்லூறின் விளிம்பும் ரேவனின் பொந்தும் அப்படித்தான். பொதுவில் வைப்பதற்குப் பத்து கிலோமீட்டர் சதுரம் போதும். துல்லியமான எண்ணை ‘வெளியிடத் தகாதது’ என்ற குறியோடு பதிவு மையத்துக்கு மட்டும் அனுப்புங்கள். வேல்ஸ் முழுவதையும் நான்கு உள்ளூர் பதிவு மையங்கள் பிரித்துக்கொண்டிருக்கின்றன: வடக்கே கோவ்னோட், பொவிஸுக்கும் பிரெக்கன் மலைப்பகுதிக்கும் ஒன்று, தென்கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. முதலில் இருபது வரிசைகளை மட்டும் அனுப்பி, அவர்கள் கேட்கும் வடிவத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பின் மீதியை அனுப்புங்கள். அந்தந்தக் கவுண்ட்டியின் பறவைப் பதிவாளர் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார். அப்போது இடப்பக்கத்தில் எழுத்து மாறாமல் வைத்த அந்தச் சொற்களையும் தாள் எண்ணையும் அவருக்குக் காட்டுங்கள்.